வடிவாக் கேட்டனீங்களா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மலையகத்தில் ஹற்றன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கலியாணம் முடித்து கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கணவரோடும் மாமியோடும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். கலியாணம் முடிந்த புதிதில் ஒரு நாள் வேலையால் பிந்தி வந்தீர்கள். வெளியூரில் நின்ற கணவர் இரவு போன் எடுத்து, "அம்மா பேசினவவே?" என்று கேட்டார். "ஆமா, நல்லா பேசினாங்க" என்றீர்கள். மாமி அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு போட்டுத் தந்து, பக்கத்தில் இருந்து கதைத்தவர். ஆனால் கணவர் அடுத்த நாள் வந்ததும் வராததுமாகத் தாயோடு சண்டை பிடித்தார். "நான் எப்ப இவளைப் பேசினனான்? ஏன் கோள் மூட்டுறாய்?" என்று மாமி உங்களைப் பார்த்துக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது, சாதாரணமாகப் பேசுவதைக் கதைப்பது என்பார்கள் என்று உங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இது நடந்து நாலு வருடம். சொற்களெல்லாம் இப்போது பழகிவிட்டன. ஆனாலும் கிழமைக்கு ஒரு தடவையாவது "நான் அப்பிடிச் சொல்லேல்லை", "அப்படித்தான் சொன்னீங்க" என்று ஒரு பிரச்சினை வருகிறது. "நான் கவனமாகத்தான் கேட்கிறேன், இன்னும் எப்படிக் கேட்பது?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சனி, ஞாயிறுகளில் கொழும்பில் ஒரு மத்தியஸ்த சபையில் பல வருடம் இருந்திருக்கிறேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபைகள் இவை. நாடு முழுவதும் 300க்கு மேல் இருக்கின்றன. பாடசாலை மண்டபத்திலோ பன்சலை (பௌத்த விகாரை) மடத்திலோ மேசை போட்டு இருப்போம். பிணக்குப்பட்ட இரண்டு பேரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணி பேச முடியாது, பிணக்குக்காரரே தங்கள் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் தீர்ப்பும் சொல்வதில்லை. அங்கே எங்களுக்கு உள்ள ஒரே வேலை கேட்பதுதான். அதனால்தான் இதைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஒரு அக்கா, பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவருக்கு 40,000 ரூபா கைமாற்றாகக் கொடுத்திருந்தார். கார்த்திகை மாதம். கொடுக்கும்போது, "அவசரமில்லைத் தம்பி, ஆறுதலாத் தாங்கோ" என்றிருக்கிறார். அடுத்த கார்த்திகையும் போய்விட்டது. அக்காவுக்குக் கோபம் ஏறி, அந்தத் தம்பியின் மனைவியிடம் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார். அங்கிருந்து வார்த்தை தடித்து, பொலிஸ் முறைப்பாடு வரை போய், எங்களிடம் வந்தது. மேசைக்கு வந்தபோது இரண்டு பேரும் காசைப் பற்றிக் கதைக்கவேயில்லை. "என்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டா" என்றார் அவர். "உதவி செய்ததுக்கு என்னை நாயாப் பார்க்கினம்" என்றார் இவர்.

நான் அக்காவிடம் ஒன்று கேட்டேன்: "ஆறுதலா எண்டு சொல்லேக்க, உங்கட மனசில எத்தனை மாசம் இருந்தது?" அவர் யோசிக்கவேயில்லை. "தைப்பொங்கல் மட்டும்." தம்பியிடம் அதே கேள்வி. "அக்கா கேக்கிற வரைக்கும் எண்டுதான் நான் நினைச்சனான்." அக்கா, தம்பி தானாகத் தருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி, அக்கா கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கதைத்தது மற்றவருக்குக் கேட்காமலில்லை. சொல் சொல்லாக இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் ஆளுக்கொரு நாட்காட்டி இருந்ததைத்தான் இரண்டு பேரும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு கேள்வி, "ஆறுதலா எண்டால் தை மாசம் தந்தால் சரியோ அக்கா?" என்று கேட்டிருந்தால், இந்தப் பகையே இல்லை.

"கவனமாகக் கேட்கிறேன்" என்று நீங்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கவனமாகக் கேட்பது என்றால் வாயை மூடி, முகத்தைப் பார்த்து, சொன்னதை ஞாபகம் வைத்திருப்பது என்று எங்களில் அநேகம் பேர் நினைக்கிறோம். அது பாதிதான். எங்கள் மொழியில் கேள் என்ற ஒரே சொல் காதால் கேட்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் நிற்கிறது. வடிவாகக் கேட்டவர் என்றால், தான் விளங்கிக்கொண்டதைத் திருப்பி எடுத்து வைத்து, சொன்னவரிடமே சரி பிழை பார்த்தவர். அதுவரைக்கும் உங்களிடம் இருப்பது உங்களுடைய ஊகம்தான்.

இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ். 1952இல் வந்த கட்டுரையொன்றில் அவர் சொன்ன பயிற்சி இது: இரண்டு பேர் தர்க்கம் பண்ணும்போது, மற்றவர் சொன்ன கருத்தையும் அதற்குள் இருந்த உணர்வையும், அவர் "ஓம், அதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் பக்கத்தைச் சொல்லலாம். செய்து பாருங்கள், கஷ்டம். சபையில் இத்தனை வருடம் இருந்தும், முதல் தரம் நான் திருப்பிச் சொல்லும்போது "இல்லை மிஸ், அதில்லை" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த "அதில்லை" வந்தால் நான் சந்தோஷப்படுவேன். அது வராமல் போயிருந்தால் பிழையான ஒன்றின் மேல் அன்று முழுவதும் கதைத்திருப்போம்.

ஆனால் இந்த முறையை அப்படியே எங்கள் வீடுகளுக்குள் கொண்டு வந்தால் அடி விழும். மாமி ஏதோ சொல்ல, மருமகள் "நீங்க சொல்றது இதுதானே?" என்று திருப்பிச் சொன்னால் அது வாய்க்காட்டுவது. கணவரிடம் செய்தால், "என்ன, நக்கலோ?" என்பார். அதனால் பிழையை உங்கள் பக்கம் வைத்துக் கேளுங்கள். "மாமி, எனக்குச் சரியா விளங்கல. ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேணாம்னு சொன்னீங்களா, இல்ல சமைக்க ஏலாதுன்னு சொன்னீங்களா?" இப்படி இரண்டு வழியைக் காட்டிக் கேட்டால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரியாது. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லவும் இடமிருக்கும். "அதில்லைப் பிள்ளை, எனக்குக் கால் நோகுது, வாறாக்களுக்கு முன்னால நொண்டிக்கொண்டு நிக்க வெக்கமாக் கிடக்கு" என்று வரலாம். இந்த மூன்றாவது பதிலைத்தான் நாங்கள் ஒருநாளும் ஊகித்திருக்க மாட்டோம்.

"ஏன்" என்ற சொல்லை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். "ஏன் பிந்தினீங்க?" என்றவுடன் எதிரில் இருப்பவர் சாட்சிக்கூண்டில் ஏறிவிடுவார். "பிந்திப் போச்சு போல, என்ன நடந்தது?" என்று கேட்டால் காலி வீதி நெரிசலில் ஆரம்பித்து ஒபீஸில் நடந்தது வரைக்கும் கதை வரும்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருப்பவருக்கா இவ்வளவு கேள்வி என்று நினைக்கலாம். அவர்களிடம்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். கென்னத் சவிட்ஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளையும் முன்பின் தெரியாதவர்களையும் வைத்து, இரண்டு மூன்று அர்த்தம் வரக்கூடிய வசனங்களைச் சொல்லி விளங்கவைக்கச் சொன்னார்கள். விளங்கிக்கொள்வதில் கணவன் மனைவி, அந்நியர்களை விடத் திறமாக இருக்கவில்லை. ஆனால் தாங்கள் சொன்னது துணைக்கு விளங்கியிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்குக் கூட இருந்தது. அந்நியரிடம் நாங்கள் பார்த்துப் பார்த்துச் சொல்வோம். நெருக்கமானவரிடம் அரை வசனத்தில் விட்டுவிட்டு, மிச்சம் அவருக்குத் தெரியும்தானே என்று போய்விடுவோம். உங்கள் கணவர் அன்று "அம்மா பேசினவவே?" என்று கேட்டபோது, தன் மனைவி வேறு ஊர்த் தமிழ் பேசுகிறவள் என்பதை மறந்ததற்கும் அதுவே காரணம். வேலைத்தளத்தில் ஒரு மலையகத்து நண்பரிடம் என்றால் யோசித்துக் கதைத்திருப்பார்.

ஒரு சின்ன விளையாட்டு சொல்கிறேன், இன்றைக்கே வீட்டில் செய்யலாம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். என்ன பாட்டு என்று கணவர் சொல்ல வேண்டும். 1990இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் இதைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். தட்டியவர்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 120 பாட்டில் சரியாகச் சொல்லப்பட்டவை வெறும் 3. தட்டுகிறவருக்கு மெட்டு, குரல், மேளம் எல்லாம் தலைக்குள் கேட்கிறது. எதிரில் இருப்பவருக்கு டொக், டொக் என்ற சத்தம் மட்டும். மாமி "பிள்ளை, சோறு கிடக்கோ?" என்று கேட்கும்போது அவருடைய தலைக்குள் என்ன மெட்டு ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பசியா, உங்களுக்கு மிச்சமிருக்கிறதா என்ற கவலையா, இரவுக்கு இடியப்பம் எடுக்கலாம் என்ற யோசனையா? நீங்கள் அதைக் குறையாக எடுத்தால், அது நீங்கள் பாடிய பாட்டு.

குறுக்கே பாய்வதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இதில் தமிழருக்குத் தனியாக ஒரு கஷ்டம் உண்டு என்பது என் அபிப்பிராயம். 2009இல் 10 மொழிகளின் உரையாடல்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். ஒருவர் கதைத்து முடிந்து மற்றவர் தொடங்குகிற இடைவெளி, பெரும்பாலும் ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டு வரவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் வேண்டும். அப்படியென்றால், எதிரில் இருப்பவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். எல்லா மனிதருக்கும் இது பொது. ஆனால் தமிழில் வசனத்தின் தலைவிதி கடைசியில் இருக்கிறது. வினையும் அங்கே, காலமும் அங்கே, இல்லை என்ற மறுப்பும் அங்கே. "நீ வேணுமெண்டு செய்தனி எண்டு நான் சொல்ல..." இந்த இடத்தில் நீங்கள் பாய்ந்தால், உங்கள் கையில் இருப்பது ஒரு குற்றச்சாட்டு. அரைச் செக்கன் பொறுத்திருந்தால் "...வரேல்லை" என்று முடிந்திருக்கும். சபையில் இந்தக் காட்சியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பாதியில் வெட்டப்பட்டவர் பிறகு எவ்வளவு சொன்னாலும், கேட்டவர் அந்தப் பாதியைத்தான் சத்தியம் பண்ணிச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் நான் எனக்கென்று வைத்திருக்கிற பழக்கம்: மற்றவர் முடித்த பிறகு ஒரு மூச்சு எடுத்து விடுவேன். அந்த ஒரு மூச்சுக்குள் அவர் மறுபடி தொடங்கிவிடுவது உண்டு. இரண்டாவதாக வருவது பெரும்பாலும் முதல் சொன்னதை விட உண்மையாக இருக்கும்.

"ஓம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். உங்கள் மாமி போனில் "ஓம், ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அது சம்மதம் இல்லை, "கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ" என்பதுதான். கதை கேட்கும் பிள்ளை "ம்" கொட்டுவது மாதிரி. நீங்கள் "மாமி, வர்ற மாசம் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்ல அவர் "ஓம்" என்றால், கேட்டது என்று அர்த்தமாக இருக்கலாம், போ என்று இல்லாமலிருக்கலாம். "பாப்பம்" என்பதும் அப்படி. சிலருக்கு அது பார்ப்போம், சிலருக்கு அது மரியாதையான மறுப்பு. திகதி, நேரம், தொகை இந்த மூன்றும் வருகிற கதையில் "ஓம்", "பாப்பம்", "ஆறுதலா" என்று பதில் வந்தால், ஒரு இலக்கம் கேட்டு வாங்குங்கள்.

இனி, நீங்கள் எழுதியதில் எனக்குச் சட்டென்று பட்ட ஒன்று. உங்கள் வீடு கடற்கரைப் பக்கம், ரயில் போனால் வீட்டுக்குள் கதைப்பது கேட்காது என்கிறீர்கள். மாமிக்கு 68 வயது. "சொன்னதை வேண்டுமென்றே வேறு மாதிரி மாற்றிச் சொல்கிறார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, அவருடைய காதைப் பரிசோதித்தீர்களா? 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வயதோடு வருகிற இந்தக் குறை உயர்ந்த சுருதிச் சத்தங்களில் முதலில் தொடங்கும். சத்தம் கேட்கும், சொல் பிரிந்து விளங்காது. பெண்களின் குரலும் சின்னப் பிள்ளைகளின் குரலும் ஆண் குரலை விடக் கஷ்டமாகிவிடும். மகன் சொன்னால் விளங்குகிறது, மருமகள் சொன்னால் விளங்குவதில்லை என்ற குறை சில வீடுகளில் இதனாலும் வருகிறது. விளங்காத இடத்தைப் பெரியவர்கள் தாங்களாக நிரப்பிக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்க வெட்கம்.

நீங்களே கவனித்துப் பார்க்கலாம். மின்விசிறி ஓடும்போது, தொலைக்காட்சி போகும்போது, நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவியபடி சொன்னபோது பிசகு கூடவா? முகத்தைப் பார்த்து, அருகில் போய் சொன்னபோது குறைவா? அப்படியென்றால் பாதிப் பிரச்சினை குணத்தில் இல்லை, காதில். சிலருக்குக் காதுக்குடும்பி அடைத்திருப்பதுகூடக் காரணமாக இருக்கும், அதை எடுத்துவிட்டாலே போதும். கத்திச் சொல்லாதீர்கள், கத்தினால் சொல் இன்னும் சிதையும், ஏசுகிற மாதிரியும் இருக்கும். முன்னால் போய், கொஞ்சம் மெதுவாக.

வட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2005இல் மின்னஞ்சலை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், தாங்கள் எழுதியது நையாண்டியா நிஜமா என்பதை வாசிப்பவர் நூற்றுக்கு 78 தரம் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் 56. காசைச் சுண்டிப் பார்ப்பதை விடக் கொஞ்சம்தான் மேல். உங்கள் கணவர் "சரி" என்று மட்டும் எழுதியதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் அழுதேன் என்கிறீர்கள். மனம் நோகிற விஷயம் என்று பட்டால் எழுத்தில் தொடராதீர்கள். போன் எடுங்கள், அல்லது அவர் வீட்டுக்கு வரும் வரைக்கும் வையுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும். அடி, மிரட்டல், சம்பளக் காசைப் பறித்தல், வெளியில் போக விடாமை இருக்கிற வீட்டில் "நான் சரியாகக் கேட்கவில்லையோ" என்று ஒரு பெண் தன்னைத் தேய்த்துக்கொள்ளக் கூடாது. அது விளங்காமை இல்லை, வன்முறை. அதற்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. வாசிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

"நல்லா பேசினாங்க" விவகாரத்துக்கு வருகிறேன். அது எப்படி நடந்தது என்று உங்களுக்கும் கணவருக்கும் விளங்கிவிட்டது. மாமிக்கு யாராவது சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவருடைய கணக்கில் நாலு வருடமாக மருமகள் கோள் சொன்னவள், மகன் அதை நம்பி வந்து கத்தினவன். நீங்கள் என்ன சொன்னாலும் அந்தக் கணக்குக்குள் போய்த்தான் விழும். இதைக் கணவர்தான் தொடங்க வேண்டும், நீங்கள் இல்லை. "அம்மா, அண்டைக்கு நான்தான் பிழையா விளங்கினனான். அவையின்ர ஊரில பேசுறது எண்டால் கதைக்கிறது" என்று மகன் வாயால் வர வேண்டும். அதற்கு மாமி என்ன சொன்னாலும், அன்றைக்கு நீங்கள் விளக்கம் கொடுக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு இருங்கள்.

பிறகு ஒரு நாள் லீவு போட்டு, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு மாமியை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். மகனிடம் விடாதீர்கள். துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் காலை முழுவதும் போய்விடும். போனைப் பையில் வையுங்கள். மாமி ஊர்க்கதை, வீட்டுக்கதை, தன் மாமியார் தன்னைப் பேசின கதை எல்லாம் எடுப்பார். விளங்காத சொல் வந்தால் அங்கேயே கேளுங்கள்: "மாமி, அப்படின்னா என்ன?"